பன்னிரண்டு பேரில் ஒரு பெயர்

கட்டுகஸ்தோட்டை,
24.03.1996

அன்புத் தங்கை சுந்தரிக்கு அக்கா பாலாம்பிகை எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மடுல்கெல்லயில் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு மழை இருட்டினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி ஒரு நாள் விடாமல் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். போன கடிதத்தில் கை வெடித்துப் போயிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது ஆறிவிட்டதா என்று முதல் வரியிலேயே எழுது. மற்றக் கதையெல்லாம் பிறகு.

போன ஞாயிற்றுக்கிழமை உலகக் கிண்ணம் வென்றதிலிருந்து ஊருக்கே கிரிக்கெட் பைத்தியம். நான் பந்துப் பையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "நங்கி, தங்கச்சி, நீங்களும் கிரிக்கெட்டா?" என்கிறான். கூடைப்பந்து என்று சொன்னால் வலைப்பந்தா என்று கேட்கிறான். இரண்டும் வேறு வேறு என்று இந்த ஊருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் கண்டியில் பெண்களுக்குக் கோடை லீக் நடத்துகிறார்கள். எட்டு அணி, இருபத்துமூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். ஏப்ரல் கடைசியில் தொடக்கம், ஜூன் 23 இறுதிப் போட்டி. அன்றைக்கே பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்து ஆகஸ்டில் மதுரைக்கு விளையாட அனுப்புகிறார்கள். போய் வருகிறவர்களைக் கொழும்புக் கம்பனி அணிகள் வேலையும் கொடுத்து எடுத்துக்கொள்ளும். புடவைக் கடையில் நின்று சீத்தைத் துணி கிழிப்பதற்கு ஒரு முடிவு வரும், சுந்தரி! நவம்பரில் எனக்கு இருபத்துமூன்று. எனக்கு அடுத்த வருஷம் கிடையாது.

தெரிவுக்குழுவில் இருப்பவர் ஜமால்தீன் சேர். முதல் நாளே எங்களை வரிசையில் நிறுத்திச் சொன்னார்: "பந்து கைல ஈக்கக்குள்ள எல்லாரும் நல்லாத்தான் ஆடுவாங்க. பந்து இல்லாத நேரம் நீங்க என்ன செய்றீங்க எண்டுதான் நாங்க பாக்குற." பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "மகள், ஒங்கட கையப் பத்தி எனக்குச் சந்தேகம் இல்ல. ஒங்கட தோட்டப் பக்கத்துப் புள்ளைகள் ரெண்டு பேர முந்தி எடுத்தேன். ரெண்டும் கலியாணம் எண்டு பாதியில போயிட்டுது. நீங்க நிக்கிற ஆள் எண்டு எனக்குக் காட்டணும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடு. பதில் வரும் வரை தபால்காரனை முறைத்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா,
பாலா


குவைத்,
12.04.1996

என் ஆசை அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன், பறந்தேன். கை ஆறிவிட்டது. போதுமா? முதல் வரியில் எழுதிவிட்டேன். நாளைக்கு ஊரில் வருஷப் பிறப்பு. இங்கே எனக்கு வெள்ளிக்கிழமை, அதனால் மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு. இந்த வீட்டு எஜமானி மடம் நல்லவள்தான், குரல்தான் பெரிசு. பிள்ளைகள் மூன்றும் என் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

கொழுந்துக் கூடையில் பப்பாசிக்காயை எறிந்து விளையாடி, உள்ளே இருந்த கொழுந்தையெல்லாம் நசுக்கி, அம்மாவிடம் விறகுக் கட்டையால் அடி வாங்கினவள் இன்றைக்கு மதுரைக்குப் போகப் போகிறாளா! அந்தக் கதையை இங்கே பளீல் நானாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர் இந்த வீட்டு டிரைவர், நம் கட்டுகஸ்தோட்டைக்காரர். பெட்டிக்கு வரும் கடிதங்களை எனக்கு எடுத்து வந்து தருவது அவர்தான். "ஒங்க தாத்தாவ மிச்சம் நல்லா ஆடச் சொல்லுங்க" என்கிறார். முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், நீ கோபித்துக்கொள்ளாதே.

அக்கா, ஒன்று கேட்கிறேன். மதுரைக்குப் போக ஆளாளுக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா? இல்லை, அணிக்கு மொத்தமாக ஒரு கடிதம் போதுமா? சும்மாதான் கேட்கிறேன். தெரிவாகும் முன்பே அதற்கெல்லாம் அலைந்து திரியாதே. ஆகிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், உறையில் வீட்டுக்காரர் பெயரும் பெட்டி இலக்கமும் மட்டும் எழுது. என் பெயர் வேண்டாம். எத்தனை தடவை சொல்வது?

அம்மாவுக்கு என் முத்தம். உன் கால்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தங்கை,
சுந்தரி


கட்டுகஸ்தோட்டை,
05.05.1996

என் சுந்தரிக் குட்டிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, கால் நகம் ஒன்று கறுத்துப் போனதைத் தவிர. உன் சுகம் தொடர வேண்டும்.

முதல் இரண்டு ஆட்டமும் நாசம். முதலாவதில் கோபத்தில் ஒருத்தியை இடித்து, பாதி ஆட்டம் முடிவதற்குள் நாலு பவுல் வாங்கிவிட்டேன். இரண்டாவதில் என்னை பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்திருந்த இருபது நிமிஷமும் ஜமால்தீன் சேர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேனா என்று பார்க்கிறார், தெரிகிறது. நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன், துவாய் கொடுத்தேன், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் அணியில் பந்தைக் கொண்டு வந்து எனக்குக் கொடுக்கிற றம்லத் பிறகு, "பாலா, நீ பெஞ்சுல இருந்தே பெரிய ஆட்டம் ஆடிட்டாய்" என்றாள். அடிக்கலாம் போல இருந்தது, சிரிப்பும் வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் இறக்கினார்கள். பதினான்கு புள்ளி, ஒரே ஒரு பவுல். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன்.

ஆளாளுக்குத்தான் பாஸ்போர்ட். பன்னிரண்டு பேரும் ஜூன் கடைசி வாரம் படிவம் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வைக்கச் சொன்னார்கள். அம்மாவிடம் பெட்டியில் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். கண்டி கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கினால் தினமும் பொலிஸ்காரர் ஐடென்டிடியைக் கேட்டு, பையைத் திறந்து, பந்தைக் கூட அமுக்கிப் பார்க்கிறார்கள். இந்தக் காலத்தில் கடதாசிகள் ஒழுங்காக இருப்பது நல்லதுதானே.

வெறும் அரபுக்காரர் பெயரை எழுதினால் உனக்குக் கடிதம் போடுகிற மாதிரியே இல்லை. இந்தத் தடவை உறையில் உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். உனக்கு என்ன குறை? ராணி மாதிரிப் பெயர்.

உன்னை நினைக்காத நாளில்லை.

அக்கா,
பாலா


மடுல்கெல்ல,
14.05.1996

மகள் பாலாவுக்கு அம்மா வடிவம்மா சொல்லச் சொல்ல, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் புஷ்பம் எழுதுவது.

நான் நல்லா இருக்கேன் தாயி. நீ நல்லா இருக்கணும். நீ கேட்ட கடதாசிய கரையான் தின்னுருச்சு. பெட்டியோட அடியில வச்சிருந்தேன், பொடிப்பொடியாப் போச்சு. அது இல்லாட்டி என்னா, பந்து வெளையாட எதுக்கு அது? வெளையாட்டு போதும். இந்த வருசம் எங்கயும் போக வேணாம். தம்புள்ளப் பக்கம் ஒரு பையன் இருக்கான்னு சொல்றாங்க. ஊருக்கு வா, பேசுவோம்.

வெயில்ல ஓடாத.

அம்மா


கட்டுகஸ்தோட்டை,
20.05.1996

அன்பான சுந்தரிக்கு,

நலமாக இருக்கிறாயா? போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அவசரத்தில் எழுதுகிறேன், உறையில் நீ சொன்னபடியே வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான்.

சான்றிதழைக் கரையான் தின்றுவிட்டதாம்! அம்மாவின் தகரப் பெட்டிக்குள் கரையான் எப்படிப் போனது என்று அந்தக் கரையானைத்தான் கேட்க வேண்டும். பரவாயில்லை. கண்டியில் பிரதி எடுக்க விண்ணப்பித்துவிட்டேன், அடுத்த கிழமை கையில் கிடைக்கும்.

ஐந்து ஆட்டம் ஆகிவிட்டது. இருபது பேர் கொண்ட முதல் பட்டியல் போட்டார்கள். நான் அதில் ஒன்பதாவது ஆள்! ஜமால்தீன் சேர் இன்னும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "கலியாணப் பேச்சு ஒண்டும் இல்லையே, மகள்?" என்று மட்டும் கேட்டார். "இல்ல சேர், பேச்சே கிடையாது" என்றேன். அம்மா எனக்குப் பேசுகிற தம்புள்ளைப் பையனை நினைத்துச் சிரிப்பு வந்தது.

கடவுளே என்று இந்தப் பன்னிரண்டில் மட்டும் வந்துவிட்டால் போதும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா,
பாலா


கட்டுகஸ்தோட்டை,
05.06.1996

அம்மாவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு மே மாதம் போட்ட கடிதம் இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது. உறையில் அவள் பெயரை எழுதியிருந்தேன். குவைத்தில் அந்த முதலாளியின் ஆபீஸில் யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். சிவப்புப் பேனையால் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள்: "எங்களிடம் சுந்தரி என்று எவரும் இல்லை. இலங்கைப் பணிப்பெண் ஒருவர்தான், பெயர் பாலாம்பிகை."

நான் கடையில் நின்றபடியே பத்துத் தடவை வாசித்தேன். பாலாம்பிகை இங்கே இருக்கிறேன், அம்மா. குவைத்தில் இருப்பது யார்?

பிறப்புச் சான்றிதழின் பிரதி என் கையில் இருக்கிறது. கரையான் கதை வேண்டாம். புஷ்பத்தைக் கூப்பிட்டு எழுதுவிக்கவும் வேண்டாம். உண்மையை நீங்களே எழுதுங்கள். இறுதிப் போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

மகள்,
பாலாம்பிகை


மடுல்கெல்ல,
10.06.1996

ஆத்தா பாலா,

நானே எழுதுறேன். எழுத்துக் கோணலா இருக்கும், பொறுத்துக்க.

போன வருசம் ஏஜென்சிக்காரர் வந்தப்ப சுந்தரிக்குப் பதினெட்டு. இருபத்தொண்ணு ஆகாட்டி அனுப்ப ஏலாதுன்னாரு. அப்பா செத்து லயத்து வீட்டுக் கூரையும் ஒழுகிக்கிட்டு இருந்த நேரம். அவ போறேன் போறேன்னு நிக்கிறா. அக்காவோட கடதாசி இருக்கான்னு கேட்டாரு. குடுத்தேன். மத்ததெல்லாம் அவரே பாத்துக்கிட்டாரு. ஒரு வயித்துல பொறந்த புள்ளைங்க, ஒருத்தி சட்டைய ஒருத்தி போட்டுக்கலையா? அப்பிடித்தான் நெனச்சேன். ரெசன் புத்தகத்துல பேர மாத்திச் சாமான் வாங்கலையா நாங்க? நீ ஒரு நாளைக்கு வெளிநாடு போவேன்னு எனக்குக் கனவுலயும் தோணல. ஒன்ன அப்பிடி நெனைக்காமப் போனேனே, அதுதான் நான் செஞ்ச பாவம்.

இப்ப நீ பாஸ்போட் கேட்டா ஏற்கனவே குடுத்தாச்சுன்னு வரும். அவளப் புடிப்பாங்க. ஒன்னயும் புடிப்பாங்க. தமிழ்ப் புள்ளைங்க, ஒரே பேருல ரெண்டு பேருன்னா இந்தக் காலத்துல சும்மா விடுவாங்களா?

அவளுக்கு ஒண்ணும் எழுதாத. ஒனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா. வந்தா ஏர்போட்டுலயே விலங்கு. ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன்.

அம்மா


குவைத்,
14.06.1996

அன்பு அக்காவுக்கு,

உடம்பெல்லாம் சுகம். இங்கே வெயில் நெருப்பு. நீ மே இருபதில் எழுதியது கிடைத்தது, அதற்கு முன்னால் எழுதியதாகச் சொன்ன கடிதம் வரவேயில்லை.

ஒன்பதாவது ஆள்! பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, "என் அக்கா, என் அக்கா" என்று சொன்னேன். அவற்றுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னோடு சேர்ந்து குதித்தன.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். பிரதியை எடுத்தாலும் எடு, பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிடாதே. உன் பெயர் வந்த அன்றைக்கே, படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், எனக்கு ஒரு வரி எழுது. "தெரிவாகிவிட்டேன்" என்று மட்டும் எழுதினால் போதும். அதுவரை பொறு. ஏன் என்று கேட்காதே. உன்னிடம் நான் இதுவரை எதையாவது கெஞ்சிக் கேட்டிருக்கிறேனா? இதைக் கேட்கிறேன்.

கடிதம் எழுதும்போது மை கொட்டிவிட்டது, அழுதேன் என்று நினைக்காதே.

தங்கை,
சுந்தரி


கட்டுகஸ்தோட்டை,
24.06.1996

மதிப்புக்குரிய ஜமால்தீன் சேர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று மாலை பன்னிரண்டு பேரின் பெயர்களை வாசித்தபோது என் பெயரையும் வாசித்தீர்கள். அதற்கு என் நன்றி. ஆனால் நான் மதுரைக்கு வர முடியாத நிலையில் இருக்கிறேன். எனக்குத் திருமணம் பேசி முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை தம்புள்ளைப் பக்கம். ஆகஸ்ட் மாதத்திலேயே நாள் குறித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் விளையாட்டை விரும்பவில்லை.

பேச்சே கிடையாது என்று தங்களிடம் நான் சொன்னது உண்மை. பிறகு நடந்தது என் கையில் இல்லை.

என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படிவத்தை வெறுமையாகவே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பாலாம்பிகை


கண்டி,
27.06.1996

செல்வி பாலாம்பிகைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு எழுதுவது போல உங்களுக்கும் சமாதானம் வேண்டி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் ஒரு தடவைதான் வாசித்தேன். நம்புவதற்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி நிமிஷத்தில் கூடைக்குக் கீழே நீங்கள் தனியாக நின்றீர்கள். போட்டால் புகழ் உங்களுக்கு. இன்னும் நல்ல இடத்தில் றம்லத் நிற்பதைக் கண்டு பந்தை அவளுக்குக் கொடுத்தீர்கள். அந்த இடத்திலேயே நான் முதலாவதாக உங்கள் பெயரை எழுதினேன். பதினைந்து வருஷத்தில் ஒரு பெயரை நான் அவ்வளவு சந்தோஷத்தோடு எழுதியதில்லை.

குழுவில் மற்ற இரண்டு பேர், "தோட்டப் பக்கத்துப் பிள்ளை, விட்டுட்டுப் போகும்" என்றார்கள். நான் உங்களுக்காகச் சண்டை பிடித்தேன். நேற்று அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வருஷம் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தால் நான் யாரிடம் எதைப் பேசுவது? கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

உங்கள் இடம் குருநாகல் பிள்ளைக்குப் போய்விட்டது. வாழ்க்கை நல்லபடி அமைய துஆ செய்கிறேன்.

ஜமால்தீன்


கட்டுகஸ்தோட்டை,
30.06.1996

என் சுந்தரிக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறார்.

நீ கேட்ட ஒரு வரியை எழுத எனக்கு வாய்க்கவில்லை. நான் தெரிவாகவில்லை, சுந்தரி. இறுதி ஆட்டத்தில் சொதப்பிவிட்டேன். கடைசி நிமிஷம் கூடைக்குக் கீழே தனியாகத்தான் நின்றேன், பந்து கையில் இருந்தது, போடவில்லை. அவர்கள் பன்னிரண்டு பெயர் வாசித்தார்கள். என்னைவிடக் கெட்டிக்காரிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கென்று ஒரு பெரிய நினைப்பு இருந்தது, அவ்வளவுதான்.

சான்றிதழும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டேன். நீ ஒன்றுக்கும் பயப்படாதே. கவலைப்படாதே என்று எழுத வந்தேன், கை தவறிப் பயப்படாதே என்று எழுதிவிட்டேன்.

கடையில் புதுச் சீத்தை வந்திருக்கிறது, மஞ்சளில் சின்னப் பூ. நீ வரும்போது உனக்கு ஒரு சட்டைக்கு எடுத்து வைக்கிறேன். பெப்ரவரிக்கு இன்னும் ஏழே மாதம். அதை மட்டும்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆசையோடு,
அக்கா


குவைத்,
19.07.1996

என் செல்ல அக்காவுக்கு,

நான் சுகம். நீ அழுதிருப்பாய், எனக்குத் தெரியும், சுகம் என்று பொய் எழுதாதே.

போகட்டும், விடு. அந்தத் தெரிவுக்குழுவுக்குக் கண் அவிந்து போக! ஆனாலும் கூடைக்குக் கீழே நின்று பந்தைப் போடாமல் இருந்தால் யார்தான் எடுப்பார்கள்? நீ எப்போதும் இப்படித்தான், கடைசி நேரத்தில் கை நடுங்கிவிடும். எல்லாருக்கும் எல்லாம் வாய்க்காது, அக்கா. ஆசைப்பட்டாய், முயற்சி செய்தாய், போதும்.

இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. சொன்னால் அடிப்பாய், நல்ல வேளை தூரத்தில் இருக்கிறேன். நான் இங்கே வந்தது உன் பெயரில். பாஸ்போர்ட்டில் முகம் என்னுடையது, பெயரும் பிறந்த நாளும் உன்னுடையது. அம்மாவைத் திட்டாதே, அடம் பிடித்தவள் நான். இந்த வீட்டில் எல்லாரும் என்னைப் பாலா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒன்றரை வருஷமாகியும் அந்தப் பெயருக்குச் சட்டென்று திரும்பிப் பார்க்க எனக்கு வரவில்லை. செவிடு என்று மடம் ஏசுகிறாள்.

நீ மதுரை என்று எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பளீல் நானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எங்கள் எம்பசிக்குப் போய் எனக்காக விசாரித்தார். நாமாகப் போய் உண்மையைச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவைப்பார்களாம், ஏஜென்சிக்காரரைத்தான் தேடுவார்களாம். மடத்திடமும் சொன்னேன். முதலில் கத்தினாள், பிறகு டிக்கெட்டுக்குத் தானே பொறுப்பு என்றாள். ஜூன் கடைசியில் பெட்டியைக் கட்டி வைத்தேன், அக்கா. "தெரிவாகிவிட்டேன்" என்று உன் வரி வந்த அன்றைக்கே பளீல் நானா என்னை எம்பசியில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. உன் பெயரை உன்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நாளை எண்ணினேன். மறைக்காமல் சொல்கிறேன், வர எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை எல்லாம் திரும்ப அடுக்கினேன். நீ போகவில்லை என்று ஆன பிறகு நான் எதற்காக வர வேண்டும்? மடம் உடனே, "அப்ப இன்னும் ரெண்டு வருஷம் இரு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாள். போட்டுக் கொடுத்துவிட்டேன். அதனால் பெப்ரவரியில் நான் வரவில்லை. அந்தச் சீத்தையை நீயே தைத்துப் போட்டுக்கொள்.

ஒரு விதத்தில் நீ தெரிவாகாததும் நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். அம்மா சொல்லுகிற அந்தத் தம்புள்ளைப் பையனை ஒரு தடவை பார்த்தால்தான் என்ன?

என் மேல் கோபம் இல்லை என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை,
சுந்தரி